ஒன்றால் பெருக்கிய தேதிகள்

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு, மே மாதம் பதினாறாம் நாள், செவ்வாய்க்கிழமை. அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. வானத்தில் ஒரு துண்டு மேகமும் இல்லை. கோவில்பட்டியில் அன்று வீசியதைக் காற்று என்று சொல்வதே பிழை. அடுப்பு ஊதிவிட்டது என்று சொல்லலாம். எல்லாம் அன்றைக்குத்தான் தொடங்கியது.

மன்னிக்க வேண்டும் ஐயா. அடுத்தவர் மடிக்கணினியை எட்டிப் பார்ப்பது நாகரிகமன்று, அறிவேன். ஆனால் தாங்கள் விரித்து வைத்திருக்கும் அந்த அட்டவணையில் நாலாவது வரியைப் பாருங்கள். மற்றத் தேதிகள் எல்லாம் கட்டத்தின் வலப்பக்கம் நிற்கின்றன. அது மட்டும் இடப்பக்கம் ஒட்டி நிற்கிறது. அது தேதியன்று, தேதி வேடம் போட்ட வெறும் எழுத்து. அதைக் கண்டும் பேசாமல் வர என்னால் முடியவில்லை. தூத்துக்குடியில் இரயில் ஏறினோம், கோவில்பட்டி போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. சொல்கிறேன், கேளுங்கள். கேட்டுவிட்டுத் தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். இன்று தீர்ப்புச் சொன்னவர்களுக்கு அந்தத் தகுதி இல்லை.

என் பெயர் மெய்கண்டமூர்த்தி. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். எல்லாரும் புலவர் என்றுதான் அழைப்பார்கள். எங்கள் வட்டார ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்தின் செயலாளராக இருந்தேன். இருந்தேன் என்பது இறந்தகாலம். அதில்தான் என் வழக்கே இருக்கிறது.

எனக்கு முன்பிருந்த செயலாளர் உறுப்பினர் பட்டியலைக் கணினியில் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். பிறந்த நாள், ஓய்வுபெற்ற நாள், மறைந்த நாள் என்று மூன்று பத்திகள். பிறந்த நாளன்று உறுப்பினருக்கு வாழ்த்துச் செய்தி போகும். மறைந்த நாள் என்னும் கட்டத்தில் ஒரு தேதி ஏறினால், மறுநாள் காலை ஆறு மணிக்கு, அவர் நியமித்த வாரிசின் கைப்பேசிக்கு இரங்கல் செய்தி போகும். இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்த கைப்பேசிக் கடைக்காரர், “எல்லாம் தானா நடக்கும் சார், நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்” என்றார். தானாக நடக்கும் எதையும் நான் நம்புவதில்லை. ஒரு வகுப்புக்கூடத் தானாக நடந்ததை நான் கண்டதில்லை.

அந்தப் பட்டியலைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவருக்குப் புள்ளி வைத்து, ஒருவருக்குச் சாய்கோடு போட்டு, ஒருவருக்கு மாதத்தை ஆங்கிலத்தில் எழுதி, ஒருவருக்கு ஆண்டின் முன்பாதியை விழுங்கி... எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் ஜூன் முதல் நாள் பிறந்தவர்கள். பிறக்கவில்லை, பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் பிறக்கவைத்தார். அந்தக் கணினி மாதத்தை முதலில் படிக்கும் வழக்கம் உடையது போலும். ஒன்று, ஆறு என்றிருந்ததை ஜனவரி ஆறு என்று கொண்டு, அந்த ஆண்டு ஜனவரி ஆறாம் நாள் காலையில் சங்கத்தில் பாதிப் பேருக்கு வாழ்த்து அனுப்பிவிட்டது. ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை ஐயா! “வாழ்த்துதான புலவரே, வந்தா வந்துட்டுப் போகுது” என்றார்கள். ஆசிரியர்கள்! விடைத்தாள் திருத்தியவர்கள்!

அதனால் மே பதினாறாம் நாள் காலையில் உட்கார்ந்தேன். சாய்கோட்டுத் தேதிகளில் நாளும் மாதமும் இடம் மாறிக் கிடந்தவற்றைப் பணிப்பதிவோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பினேன். எழுத்தாகக் கிடந்தவற்றைத் தேதியாக்க ஒரு காணொளியில் வழி சொன்னார்கள். எல்லாக் கட்டங்களையும் ஒன்றால் பெருக்க வேண்டுமாம். ஒன்றால் பெருக்கினால் எதுவும் மாறாது என்று நான் இரண்டாம் வகுப்பில் படித்தேன். இங்கே மாறியது. இடப்பக்கம் நின்றவையெல்லாம் வலப்பக்கம் போய் வரிசையாக நின்றன. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவர்கள் நிற்பதைப் போல. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்?

பிறகுதான் மூன்றாவது பத்தியைப் பார்த்தேன். மறைந்த நாள். உயிரோடு இருப்பவர்களுக்கு அந்தக் கட்டம் முன்பு வெறுமையாக இருந்தது. இப்போது ஒவ்வொன்றிலும் ஒரு தேதி நின்றது. பூச்சியம் பூச்சியம், பூச்சியம் ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் ஆண்டு, ஜனவரி மாதம், பூச்சியத்தாம் நாள்! தாங்களே சொல்லுங்கள், எந்த மாதத்திலாவது பூச்சியத்தாம் நாள் உண்டா? எந்தப் பஞ்சாங்கத்திலாவது? கண்ணெதிரே நிற்கும் பிழை. நூற்றெழுபது கட்டங்கள். நான் ஒவ்வொன்றாகத் திருத்தி, ஜனவரி முதல் நாள் ஆக்கினேன். மாலை ஆகிவிட்டது. முதுகு வலித்தது. ஆனால் படுக்கும்போது நிறைவாக இருந்தது.

சிரிக்காதீர்கள். அந்தப் பத்தியின் தலைப்பு எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் வேலை தேதியைத் திருத்துவது. யார் இறந்தார் என்று விசாரிப்பதன்று.

மறுநாள் காலை ஆறு மணிக்கு என் துணைவியார் தம் கைப்பேசியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். “நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் திரு. மெய்கண்டமூர்த்தி அவர்களின் மறைவுக்குச் சங்கம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது” என்று முழுதும் படித்தார். பிறகு, “நீங்க எழுதினதுதான? ஒத்துப்பிழைகூட இல்ல. காப்பி இப்ப வேணுமா, குளிச்சிட்டா?” என்றார்.

ஆறு ஐந்துக்குச் சங்கத் தலைவர் ஜெபமணி டீச்சர் அழைத்தார். அறிவியல் ஆசிரியராக இருந்தவர். குரல் இன்னும் வகுப்பறைக் குரல்தான். “புலவர் ஐயா, நான் செத்துப்போயிட்டேனாம். எம்மவன் மாடியில இருந்து இறங்கி வந்து என்னை உத்து உத்துப் பாக்கான். மருமவ பாக்குற பார்வைதான் சரியில்ல. என்னத்தைச் செஞ்சு தொலைச்சீங்க?”

“தேதிகளைத் திருத்தினேன்” என்றேன்.

“உசுரோட இருக்குற நூத்தி எழுவது பேரையும் ஒரே ராத்திரியில அனுப்பியாச்சு. கொள்ளை நோய்கூட இப்படிச் செய்யாது. எல்லாத்தையும் அழிங்க. மன்னிப்புச் செய்தி போடுங்க. இப்பவே.”

நான் மறுக்கவில்லை. மற்ற வீடுகளில் பெரிய சேதம் ஒன்றும் இல்லை ஐயா. வாரிசு என்று கொடுத்திருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள். திரும்பிப் பார்த்தார்கள், இறந்தவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். முடிந்தது. நான் ஒவ்வொரு கட்டமாக அழித்துக்கொண்டே வந்தேன். மொத்தமாகப் பிடித்து அழிக்கலாமே என்பீர்கள். மொத்தமாகச் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கடைசியாகப் பரமார்த்தலிங்கம் என்ற பெயருக்கு வந்தபோது கைப்பேசி அடித்தது.

பரமார்த்தலிங்கம் உடற்கல்வி ஆசிரியர். என் தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கிறார். நெட்டையானவர். தனியாள். மனைவி இறந்து ஆறு ஆண்டுகள். ஒரே மகள், நாகபுரியில் இரயில்வேயில் வேலை. தாய் இறந்த நாள் முதல் தகப்பனோடு பேச்சு வார்த்தை இல்லை. அந்த அம்மையார் இறந்ததும் ஒரு மே மாதம். இதே வெயில். உடலைக் குளிரில் வைக்கும் கண்ணாடிப் பெட்டி அப்போது எங்கள் ஊரில் கிடையாது. நெல்லையிலிருந்து வர வேண்டும். பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள், நண்பகலுக்குள் எடுத்துவிட்டார்கள். மகள் வந்த இரயில் அப்போது விசயவாடாவைத் தாண்டவில்லை. வந்து வெறும் வீட்டைப் பார்த்தாள். அன்று மாலையே திரும்பிப் போய்விட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் பரமார்த்தலிங்கம் எழுந்து, சங்கத்துக்கு ஒரு குளிர்பெட்டி வாங்க வேண்டும் என்று ஒரே தீர்மானத்தைக் கொண்டுவருவார். வேறு எதையும் பேசமாட்டார். கடைசியில் அவர் தொல்லை தாங்காமல் வாங்கினோம்.

அழைத்தது அந்த மகள்தான். சண்முகக்கனி.

“சங்கத்துலயா பேசுறீங்க? நான் பரமார்த்தலிங்கம் சார் பொண்ணு. மெசேஜ் பாத்தேன். என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?”

“வாரிசு என்று தங்கள் தந்தையார் கொடுத்தது” என்றேன்.

“அவரா குடுத்தாரு?” என்று இருமுறை கேட்டாள். சரியாகக் கேட்கவில்லை போலும் என்று எண்ணி, “அவரேதான்” என்று உரக்கச் சொன்னேன். பிறகு ஒரே மூச்சில் பேசினாள். “நான் ஏர்போர்ட்டுக்கு வந்துட்டேன், சாயங்காலம் தூத்துக்குடி வந்துருவேன், தயவுசெஞ்சு யாரும் அவசரப்பட்டு எடுத்துராதீங்க, பெட்டி இருந்தா பெட்டியில வைங்க, இந்தத் தடவையாவது நான் மூஞ்சியப் பாக்கணும், அவ்வளவுதான் கேக்கேன், இந்தத் தடவையாவது...” வைத்துவிட்டாள்.

உண்மையைச் சொல்ல எண்ணியிருந்தேன். ஆனால் ஒருவர் வாக்கியத்தை முடிக்கும் முன் குறுக்கிடுவது என் வழக்கமன்று. அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை. திரும்ப அழைத்தேன்; எடுக்கவில்லை. விமானத்தில் ஏறியிருப்பாள்.

எழுந்து பரமார்த்தலிங்கம் வீட்டுக்குப் போனேன். அவர் பனியனோடு முற்றத்தில் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயது.

“வாரும் புலவரே. ஊரே செத்துப்போச்சாமே? பால்காரன் சொன்னான். நம்மளும் லிஸ்டுல உண்டுமா?”

செய்தியைச் சொன்னேன். அவள் பேசியதை ஒரு சொல் மாறாமல் சொன்னேன்; அந்த அளவுக்கு எனக்கு நினைவாற்றல் உண்டு. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். வியர்வை அவருக்கு எப்போதும் அதிகம்.

“தங்கள் கட்டத்தை மட்டும் இன்னும் அழிக்கவில்லை. இதோ போய் அழித்துவிட்டு, மன்னிப்புச் செய்தி அனுப்பிவிடுகிறேன். அவள் இடையில் இறங்கியதும் பார்த்துக்கொள்வாள்” என்றேன்.

“வேண்டாம்” என்றார்.

“என்ன வேண்டாம்?”

“அழிக்க வேண்டாம் வே. உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சா அவ சென்னையில இருந்தே அப்படியே திரும்பிருவா. எனக்குத் தெரியாதா எம்மவள? வாசல் வரைக்கும் வந்துரட்டும். அது வரைக்கும் நான் செத்தே இருக்கேன். உமக்கு என்ன நட்டம்?”

“தாங்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் இறந்ததாகப் பதிவில் இருக்கிறது. அப்போது தாங்கள் பிறக்கவே இல்லை.”

“இருந்துட்டுப் போகட்டும்!”

“அது முடியாது. பிழை என்று தெரிந்த ஒன்றை நான் விட்டுவைத்ததில்லை.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். உடற்கல்வி ஆசிரியர் பிடித்தால் வலிக்கும். “புலவரே, இந்த ஆறு வருசத்துல உம்மகிட்ட ஒரு உபகாரம் கேட்டிருப்பனா? இன்னைக்கு ஒரு நாள். ஒரே நாள்.”

நீண்ட வாதத்துக்குப் பின் நடுவழி ஒன்றைக் கண்டேன். அவர் இறந்தே இருக்கட்டும். ஆனால் தேதியாவது பொருத்தமாக இருக்க வேண்டும். எந்த நாள் இடலாம் என்று அவரிடமே கேட்டேன். “இன்னைக்கே போடும்” என்றார். பதினேழு, ஐந்து, இரண்டாயிரத்து இருபத்து மூன்று. முறையாக இட்டேன். மற்றவர்களுக்கு மன்னிப்புச் செய்தி போயிற்று. அவர் மகளுக்குப் போகவில்லை. இதில் நான் பொய் சொன்னேன் என்று எவரும் நிறுவ முடியாது.

பெட்டியும் அனுப்ப வேண்டியதாயிற்று. வாரிசு கேட்டால் மறுக்கக்கூடாது என்பது விதி. முப்புடாதி என்பவன் வண்டியில் கொண்டுவந்தான். அந்தப் பெட்டிக்குப் பொறுப்பு அவன்தான். உள்ளே இறக்கி, மின்சாரம் கொடுத்துவிட்டு, ரசீதுப் புத்தகத்தை நீட்டினான்.

“யாரு சார் கையெழுத்துப் போடுறது?”

பரமார்த்தலிங்கம் வாங்கிப் போட்டார். இறந்தவர் பெயர், பெறுபவர் பெயர் இரண்டும் ஒன்று. உறவுமுறை என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தார். “தானே” என்று எழுதச் சொன்னேன்.

முப்புடாதி அதைப் படித்தான். பிறகு பரமார்த்தலிங்கத்தை ஏற இறங்கப் பார்த்தான். “சார், உள்ள படுக்குற யோசனை எதுவும் இருந்தா இப்பவே சொல்லிருங்க. மூச்சு முட்டி நெசமாவே போயிட்டீங்கன்னா எம்பொழப்புல மண்ணு விழுந்துரும்.”

உண்மையில் அந்த யோசனை அவருக்கு இருந்தது. நான் அனுமதிக்கவில்லை. வீட்டில் இருப்பது ஒன்று. படுத்து நடிப்பது வேறு. அது பொய்.

பகல் ஏற ஏற வெயில் கூரையைப் பிளந்தது. பெட்டியைப் பார்த்து அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கினார்கள். மாலையோடு வந்த ஒருவர், ஆள் நாற்காலியில் இருப்பதைக் கண்டு திகைத்து, வாங்கிவந்ததை வீணாக்குவானேன் என்று அவர் கழுத்திலேயே போட்டார். வந்தவர்களுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும். வீட்டுக் குளிர்பெட்டி பழுது. எதிர்வீட்டு அம்மாள் ஒரு கணம்தான் யோசித்தாள். ஒரு குடம் மோரும் பத்துப் பன்னீர் சோடாவும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் போயின. “சும்மாதான ஓடுது, கரண்டு வேற” என்றாள். நானும் ஒன்று குடித்தேன். நன்றாகக் குளிர்ந்திருந்தது.

பரமார்த்தலிங்கம் மட்டும் எதையும் குடிக்கவில்லை. “வாசல் தாண்டி வந்துருவாளா புலவரே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வருவாள் என்றோ வரமாட்டாள் என்றோ நான் எப்படிச் சொல்ல முடியும்? எதிர்காலத்தைப் பற்றிய கேள்வி.

விளக்கு வைக்கும் நேரத்தில் டாக்சி வந்து நின்றது. ஒரு கைப்பையோடு இறங்கினாள். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தாள். நேரே பெட்டிக்குப் போய், கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து பார்த்தாள். உள்ளே மோர்க்குடம். அதைச் சுற்றிப் பன்னீர் சோடா.

நிமிர்ந்தாள். பெட்டிக்கு அந்தப் பக்கம், மாலையோடு, தகப்பனார் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கை இரண்டும் உடலோடு ஒட்டி, கவாத்தில் நிற்பதைப் போல.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கண்ணாடியைத் தடவிக்கொண்டே, “அம்மாவுக்கு இது இல்லியேப்பா” என்றாள்.

“இல்லம்மா. அதுக்குப் பொறவுதான் சண்டை போட்டு வாங்க வச்சேன்.”

“அப்ப ஏன் எடுத்தீங்க? நான் வாரேன்னு சொன்னேன்ல? ஒரு மனுசன், வேண்டாம், எம்புள்ள வரட்டும்னு சொல்ல மாட்டாரா?”

“சொல்லியிருக்கணும். சொல்லாம நின்னுட்டேன்.”

இருவரும் தேதியைப் பற்றிய முக்கியமான செய்தியை விட்டுவிட்டு வேறு எங்கோ போகிறார்கள் என்று கண்டு, நான் முன்னே வந்தேன். தவறான செய்தி எப்படிப் போயிற்று என்பதை விளக்கினேன். எழுத்தைத் தேதியாக்க ஒன்றால் பெருக்க வேண்டும். வெறுமையை ஒன்றால் பெருக்கினால் பூச்சியம் வரும். கணினிக்குப் பூச்சியம் என்பது ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஜனவரி பூச்சியத்தாம் நாள். அப்படி ஒரு நாள் இல்லாமையால் நான் முதல் நாள் என்று திருத்தினேன். ஒன்றும் விடாமல் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ன சார் சொல்றீங்க?” என்றாள்.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். பாதியில் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து அழுதாள். கணக்குப் பலருக்கு அப்படித்தான்; புரியாவிட்டால் அழுகை வரும். பரமார்த்தலிங்கம் பெட்டியைத் திறந்து ஒரு சோடாவை எடுத்து, உடைத்து, அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக் குடித்தாள். பிறகு எதிர்வீட்டு அம்மாள் என்னைப் பார்த்து, “புலவர் ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய வாங்க” என்றாள். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இனிதான் என் குறை. ஜூன் மாதப் பொதுக்குழுவில் என்னை நீக்கும் தீர்மானத்தை ஜெபமணி டீச்சர் கொண்டுவந்தார். ஒரே வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது. நீக்க வேண்டும் என்று கை தூக்கியவர்களில் பரமார்த்தலிங்கமும் ஒருவர்! வெளியே வந்ததும் கேட்டேன். “உம்ம மேல எனக்கு உசுரு, புலவரே. ஆனா நீரு அங்க இருந்தா அடுத்த தடவை யாரை அனுப்புவீரோன்னு பயமா இருக்கு” என்றார்.

நான் மாவட்டக் கிளைக்கு முறையீடு எழுதினேன். நேர்மையான முறையீடு. பொதுக்குழு நடந்த நாளில் பதிவேட்டின்படி பரமார்த்தலிங்கம் மறைந்தவர். அவர் கேட்டு, அவர் சொன்ன தேதியைத்தான் இட்டேன். அதை நீக்கும் முன் கணினியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள், புதியவர்களும் நீக்கவில்லை. மறைந்தவருக்கு வாக்குரிமை இல்லை. ஆகவே தீர்மானம் செல்லாது. இதில் எங்கே ஐயா குற்றம்?

இழுத்து இழுத்து இன்றுதான் விசாரித்தார்கள். மாவட்டத் தலைவர் முழுவதும் படித்துவிட்டுக் கேட்டார்: “செத்தவருன்னு எழுதியிருக்கீங்களே, அந்தா மூலையில உக்காந்து ரெண்டாவது வடை திங்காரே, அவரா?” அவரேதான். சாட்சி சொல்ல அழைத்திருந்தார்கள்.

“வடை தின்பது பதிவாகாது” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். முறையீடு தள்ளுபடி.

பிறகு என்ன ஆயிற்று என்கிறீர்களா? பெரிதாக ஒன்றும் இல்லை. சங்கத்தில் மறைந்த நாள் என்ற பத்தியையே எடுத்துவிட்டார்கள். இப்போது யாராவது இறந்தால் ஜெபமணி டீச்சர் தொலைபேசியில் சொல்கிறார். சண்முகக்கனி அந்த மே மாதம் முடியும்வரை இங்கேயே இருந்தாள். தாயின் நினைவு நாளை இருவரும் சேர்ந்து நடத்தினார்கள். எனக்கும் இலை போட்டார்கள். ஜூலையில் தகப்பனாரை நாகபுரிக்கு அழைத்துப் போனாள். அங்கே குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொங்கலுக்குத் திரும்பிவிட்டார். சென்ற ஆண்டு அவள் மதுரைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தாள். சனிக்கிழமைதோறும் வருகிறாள். சண்டை போடுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பில் புளி கூடிவிட்டது என்று தொடங்கி, யார் முதலில் பேசாமல் இருந்தது என்பதுவரை போயிற்று. தெருமுனை வரைக்கும் கேட்டது.